எழுதியோர் கருத்தும் படிப்போர் இன்பமும்: குடுமியான்மலைக் கல் புகட்டும் பாடம்



ஒரு நூலைக் கையில் எடுத்தவுடன் அதன் பெயரைப் பார்க்கிறோம். ஆசிரியர் பெயரைப் பார்க்கிறோம். எத்தனை பக்கம் என்றும் புரட்டிப் பார்க்கிறோம். இதனை இவர் எதற்காக எழுதினார் என்று கேட்போர் நம்மில் மிகச் சிலரே. எழுதியவர் கருத்தை அறிந்து படிப்பார்க்கே நூல் தன் உள்ளத்தைத் திறந்து காட்டும். எனவே, சான்றோர் எதற்காக எழுதினர், படிப்பதனால் விளையும் இன்பம் யாது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம்.

இவற்றிற்கு விடை காண முதற்கண் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலைக்குச் செல்லுதல் வேண்டும். அங்குள்ள இசைக் கல்வெட்டு நம் சமயத்தார் பொறித்ததன்று. சிவனடியாராகிய மன்னர் ஒருவர் பொறிப்பித்தது. ஆயினும், தாம் எழுதியதன் காரணத்தை எழுதியவரே கூறிவைத்த பழஞ்சான்று அது. நல்லதை எங்குக் கண்டாலும் நல்லதெனக் கொள்ளுதல் அநேகாந்தம் பயின்ற நமக்கு இயல்பேயாதலின், அக்கல்லின்முன் மாணாக்கராய் நின்று பாடம் கேட்போம்.

குன்றும் கல்லும்

புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குடுமியான்மலை. திருநலக்குன்றம் என்பது அதன் பழம்பெயர். சிகாநாதர் கோயிலும், நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளும் அவ்வூருக்குப் பெருமை சேர்ப்பன. குன்றின் சரிவில் மேலைக்கோயில் என வழங்கும் குடைவரை ஒன்று உண்டு. அதனை ஒட்டிய பாறையில், பல்லவக் கிரந்த எழுத்தில், வடமொழியில் 38 வரிகளாக அமைந்துள்ளதே அவ்விசைக் கல்வெட்டு. கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்று அறிஞர் பலர் கருதுவர். 1904ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் இதனைக் கண்டறிந்தனர். பின்னர் பண்டார்கர் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 'எபிகிராபியா இண்டிகா' 12ஆம் தொகுதியில் வெளியிட்டார்.

இக்கல்வெட்டில் ஏழு பகுதிகள் உள்ளன. மத்திமக்கிராமம், சட்சக்கிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்திமம், கைசிகம் என்னும் ஏழு இராகங்களுக்கும் ஒவ்வொரு பகுதியாகச் சுரங்கள் நான்கு நான்காக நிரல்பட வகுக்கப்பெற்றுள்ளன. பாட்டின் சொல் ஒன்றேனும் இல்லை. தொடக்க வணக்கமும் பகுதிகளின் பெயரும் முடிவுரையும் நீங்கலாக எல்லாம் சுர எழுத்துகளே. ஒரே சுரம் அ, இ, உ, எ என்னும் உயிர்களோடு கூடி வெவ்வேறு வடிவில் வருகின்றது.

முடிவுரையே நமக்கு வேண்டுவது. அதில் மன்னர் தம்மை உருத்திராசாரியரின் மாணாக்கர் என்றும், மகேசுவரனிடம் பேரன்பு பூண்டவர் என்றும் குறித்துக்கொள்கிறார். மாணாக்கர்களின் நன்மை கருதி இச்சுரத்தொகையைச் செய்ததாகவும் கூறுகிறார். அதன் அடியில், இவை எட்டிற்கும் ஏழிற்கும் உரியன என்னும் கருத்தமைந்த சிறு குறிப்புத் தமிழில் காணப்படுகிறது. அருகே பரிவாதினி என்னும் வீணையின் பெயரும் பொறிக்கப்பெற்றுள்ளது. எட்டும் ஏழும் வீணையின் நரம்புகளைக் குறிப்பன என்பர் சிலர்.

இம்மன்னர் மகேந்திரவர்மப் பல்லவரே என நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. அம்மன்னர் முதலில் சமணராயிருந்து பின்னர்ச் சைவரானார் என்று பெரியபுராணம் வழிவந்த வரலாறு கூறும். எனினும், கல்வெட்டில் மன்னர் பெயர் இல்லாமையால், அவர் மகேந்திரவர்மரல்லர் என மறுப்பாரும் உளர். அவ்வாராய்ச்சியை வரலாற்றறிஞர்க்கு விடுத்து, நாம் கருத வேண்டியது வேறொன்று உண்டு. எழுதுவித்தவர் நாடாளும் வேந்தர். பாறையில் தம் பெயரையும் பட்டத்தையும் வெற்றியையும் வெட்டிவைக்க அவருக்குத் தடையேதும் இல்லை. அவர் தம் பெயரை விட்டுவிட்டார். தம் ஆசிரியர் பெயரை விடவில்லை. பயனடைவோராகிய மாணாக்கரையும் மறக்கவில்லை. தமக்கு முன்னிருந்தவரையும் தமக்குப் பின் வருபவரையும் குறித்துவிட்டு, நடுவில் நின்ற தம்மை அரசர் என்னும் பொதுச்சொல்லால் மட்டும் சுட்டினார். கல்வியின் இயல்பே இதுதான். ஒருவரிடம் பெற்று, மற்றொருவருக்கு அளிப்பதில் நடுவில் நிற்பவரே ஆசிரியராவர்.

பாயிரம் கேட்கும் வினாக்கள்

எழுதியவர் தம் கருத்தைக் கூறல் வேண்டும் என்பது தமிழ் மரபிலும் உண்டு. நூலின் முகப்பில் பாயிரம் அமைவது அதன்பொருட்டே. நம் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சிறப்புப்பாயிரத்தில் கூற வேண்டியன எட்டு என வரையறுக்கிறது. நூலைச் செய்தவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லப்படும் பொருள், கேட்டற்குரியோர், அதனால் விளையும் பயன் என்பன அவை.

குடுமியான்மலைக் கல்லை இவ்வளவைகொண்டு நோக்குவோம். செய்தவர் ஓர் அரசர். வழி, உருத்திராசாரியரிடம் கற்றது. நூல், சுரங்களின் தொகை. பொருள், ஏழு இராகங்கள். கேட்போர், மாணாக்கர். பயன், அவர்தம் நன்மை. நன்னூல் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, ஒரு பாறையின் முடிவுரை இத்தனை வினாக்களுக்கும் விடை தந்துள்ளமை வியப்பிற்குரியது.

இவ்வட்டாரத்திலேயே நம் முன்னோர் விட்டுச்சென்ற எழுத்துகளும் இத்தகையனவே. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில், முனிவர்கள் தவமிருந்த கற்படுக்கைகளில் ஒன்றை ஒட்டிப் பழந்தமிழ்ப் பிராமி எழுத்து உள்ளது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்காகச் சிறுபோசில் இளையர் செய்த அதிட்டானம் அது என்று அவ்வெழுத்து அறிவிக்கிறது. அதே குன்றின் அறிவர்கோயிலை மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் புதுக்கிய செய்தியை 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உரைக்கிறது. யாருக்காக, என்ன செய்யப்பட்டது என்பதே இரண்டிலும் செய்தி. பிறர்பொருட்டுச் செய்ததையே எழுத்தில் நிறுத்துவது இம்மண்ணின் வழக்கம் போலும்!

நம் ஆசிரியர்கள் எழுதிய காரணங்கள்

சமணச் சான்றோர் எழுதிய காரணங்களை ஆராய்ந்தால் அவற்றை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, அழிந்துவிடுமே என்னும் கவலை. திகம்பர மரபில் ஆகமம் எழுத்தில் ஏறிய வரலாறு இக்கவலையில் பிறந்தது. கிரிநகரத்துச் சந்திர குகையில் வாழ்ந்த தரசேனாசாரியார், செவிவழி வந்த சுருதஞானம் தம்மோடு மறைந்துவிடுமோ என அஞ்சி, தகுதியுள்ள முனிவர் இருவரை வரவழைத்தார். அவர்களைச் சோதிக்க வேண்டி, ஒருவருக்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும் மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்துச் சாதிக்கப் பணித்தார். மந்திரத்தின் பயனாகத் தோன்றிய தேவதைகளுள் ஒருத்திக்குப் பல் நீண்டிருந்தது. மற்றவளுக்கு ஒரு கண் இல்லை. தேவதைகளின் வடிவில் குறை இராது. எனவே பிழை மந்திரத்தில் உள்ளது என உணர்ந்த அவ்விருவரும், இலக்கணப்படி எழுத்தைத் திருத்தி மீண்டும் ஓதினர். தேவதைகள் செவ்விய வடிவில் தோன்றினர். அதன் பின்னரே ஆசிரியர் பாடம் தொடங்கினார். அம்முனிவர் இருவரே புட்பதந்தர், பூதபலி ஆவர். அவர்கள் எழுத்திலேற்றியது சட்கண்டாகமம். நூல் நிறைவேறிய நாளே இன்றும் சுருத பஞ்சமியாகக் கொண்டாடப்படுகிறது. பூதபலியார் அப்பொழுது தமிழ்நாட்டை நோக்கி வந்தார் எனத் தவளம் என்னும் உரை கூறுவது நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்.

இரண்டாவது, நன்றியுணர்வு. நாலடியார் தோன்றியது குறித்து வழங்கும் வரலாற்றை அறியாதார் இலர். பஞ்சத்தால் நலிந்து வந்த எண்ணாயிரம் முனிவரைப் பாண்டியன் ஆதரித்தான். பஞ்சம் நீங்கியபின் அவர்கள் ஊர் திரும்ப விரும்பியும் அவன் விடை தரவில்லை. ஆளுக்கொரு வெண்பா எழுதித் தம் இருக்கையின்கீழ் வைத்துவிட்டு இரவோடிரவாகச் சென்றனர். சினந்த பாண்டியன் ஏடுகளை வையையில் எறிவிக்க, நானூறு பாடல்கள் நீரை எதிர்த்து வந்தன என்பது அவ்வரலாறு. உண்ட சோற்றுக்கு முனிவர் அளித்த கைம்மாறு அறிவுரையாக அமைந்தது.

மூன்றாவது, ஐயம் நீக்குதல். துறவியர் வீடுபேற்றைப் பாடவல்லரேயன்றி இன்பச்சுவை பாட அறியார் என மதுரைப் புலவர் கூறியதைக் கேட்டுத் திருத்தக்கதேவர் சிந்தாமணியை இயற்றத் துணிந்தார் என்பர். அதற்குமுன் அவருடைய ஆசிரியர், எதிரே ஓடிய நரியைப் பொருளாக வைத்துப் பாடச் செய்து, நரிவிருத்தத்தைக் கேட்டு மகிழ்ந்த பின்னரே இசைவளித்தார். காப்பியத்திற்கு வாழ்த்துப் பாடியபோது, மாணாக்கர் பாடிய பாடலை முன்னும் தாம் பாடியதைப் பின்னும் வைக்கும்படி ஆசிரியரே பணித்தார் என்பது வழிவழிச் செய்தி. மாணாக்கர் நலமே கருதிய ஆசிரியர் உள்ளத்தைக் குடுமியான்மலைக் கல்லில் கண்டோம், இங்கும் காண்கிறோம்.

நான்காவது, வேண்டுகோளுக்கு இணங்குதல். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். கேட்பவர் ஒருவர் இருந்தமையால் தமிழ் மாணாக்கர் அனைவர்க்கும் ஓர் இலக்கணம் கிடைத்தது. நல்ல நூல் வேண்டும் என்று கேட்பதும் ஒரு தொண்டே என்பதை இதனால் அறிக.

இந்நான்கினுள் எதுவும் தன்னலம் பற்றியதன்று. புகழ் அவர்களைத் தேடி வந்தது உண்மையே. ஆனால் புகழைத் தேடி அவர்கள் எழுத்தாணியைப் பிடிக்கவில்லை.

கல் ஏன் வாய் திறக்கவில்லை?

இனி, இப்பாடத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். மாணாக்கர் நன்மைக்கென்று மன்னர் எழுதிய அக்கல்வெட்டினால் இன்று நன்மை பெறும் மாணாக்கர் எத்தனை பேர்? எழுத்துகள் பெரும்பாலும் தெளிவாகவே உள்ளன. ஒவ்வொரு சுரத்தையும் படித்துவிடலாம். ஆனால் சுரத்தோடு சேர்ந்த உயிரெழுத்து மாறுவதன் பொருள் யாது, சில எழுத்துகளின்மேல் உள்ள புள்ளி எதனைக் குறிக்கிறது, இவை பாடுவதற்கா வீணையில் பயில்வதற்கா என்பனவற்றில் இசையறிஞர் ஒருமித்த முடிவிற்கு வரவில்லை. அம்மன்னரிடம் கேட்ட மாணாக்கர்க்கு அவை வெளிப்படை. அவர்தம் மாணாக்கரும் அறிந்திருக்கக்கூடும். எங்கோ ஒரு தலைமுறையில் கற்பிப்பவரும் கேட்பவரும் இல்லாமற் போயினர். கல் நின்றது, பாட்டு நின்றுவிட்டது. திருமயம் குடைவரையில் இருந்த இசை எழுத்துகளோ பெரும்பகுதி அழிந்தே போயின.

பாறையினும் உறுதியான ஏடு இல்லை. அப்பாறையில் வெட்டியதே, படிக்கும் மரபு அறுந்தபின் ஊமையாயிற்று என்றால், பனையோலையும் தாளும் எம்மாத்திரம்!

நம் சமயத்திலும் இதற்கொரு சான்றுண்டு. அழிந்துவிடுமே என்று அஞ்சி எழுதப்பெற்ற சட்கண்டாகமமும் அதன் உரையாகிய தவளமும் கன்னட நாட்டு மூடபித்திரியில் ஓலைச்சுவடிகளாகப் பாதுகாக்கப்பெற்றன. பாதுகாத்தவர்க்கு நாம் என்றும் கடப்பாடுடையோம். எனினும், பல நூற்றாண்டுகளாக அவை தரிசித்து வணங்கும் பொருளாகவே இருந்தன; எடுத்துப் படிப்பார் அரியர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் முயற்சி தொடங்கிற்று. ஹீராலால் ஜைன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு முதல் தொகுதி 1939ஆம் ஆண்டில் அச்சேறிய பின்னரே, தரசேனாசாரியாரின் நோக்கம் மீண்டும் நிறைவேறத் தொடங்கியது. வணங்குதல் நன்று, ஆனால் நூலுக்குச் செய்யும் முதற்பூசை அதனைப் படிப்பதேயாம்.

சிந்தாமணி பிழைத்த வரலாறு

இதற்கு மாறான சான்று ஒன்றும் உண்டு. அது தமிழ்ச் சமணர் அனைவரும் பெருமிதம் கொள்ளத்தக்கது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எனத் தாம் கற்றவற்றை ஐயர் அடுக்கிக் கூற, முதலியார் அவற்றால் நிறைவடையாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். முதலியார் தந்த கையெழுத்துப் படியைக் கொண்டு ஐயர் படிக்கத் தொடங்கினார். தமிழில் துறைபோய அவருக்கும் சமண சமயச் சொற்களும் கருத்துகளும் விளங்கவில்லை.

அப்பொழுது அவருக்கு வழிகாட்டியவர் கும்பகோணத்துச் சமணர்களே. சந்திரநாத செட்டியார் என்னும் அன்பர் ஐயங்களை விளக்கினார். ஒருநாள் சமணர் இல்லம் ஒன்றிற்குச் சென்ற ஐயர், வாயிலில் தோரணமும் கோலமுமாய் விழாக்கோலம் இருப்பது கண்டு வினவினார். பல மாதங்களாக நடைபெற்று வந்த சிந்தாமணிப் படனம் அன்று நிறைவெய்தியதெனக் கூறினர். புலவர் உலகம் மறந்திருந்த ஒரு காப்பியம் இல்லறத்தார் வீட்டில் படிக்கப்பட்டும் கேட்கப்பட்டும், நிறைவுநாளில் விழா எடுக்கப்பட்டும் வாழ்ந்துகொண்டிருந்தது! ஐயரின் பதிப்பு 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. 3145 செய்யுட்களைக் கொண்ட அக்காப்பியத்தைப் பிழைக்கச் செய்தவர் பதிப்பாசிரியர் மட்டுமல்லர்; பெயர் தெரியாத அந்த இல்லத்துப் படிப்போரும் கேட்போருமே ஆவர்.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னர், சிந்தாமணிக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியரைப் பற்றியும் இத்தகைய செய்தி வழங்குகிறது. அவர் முதலில் எழுதிய உரையைச் சமணப் பெரியோர் ஏற்கவில்லை என்றும், பின்னர்ச் சித்தாமூர் சென்று நம் ஆகமங்களைப் பயின்று மீண்டும் உரை எழுதினார் என்றும் கூறுவர். நச்சினார்க்கினியரும் சைவர், சாமிநாதையரும் சைவர். நூலை உள்ளவாறு அறிய வேண்டும் என்னும் வேட்கை அவர்களை நம் வாயிலுக்கு அழைத்து வந்தது. அவ்வேட்கையே இன்று நம்மைக் குடுமியான்மலைச் சைவ மன்னரின் கல்லுக்கு அழைத்துச் செல்கிறது. படிப்பு கட்டும் பாலம் இத்தகையது.

படித்தலின் ஐந்து நிலைகள்

படித்தல் பொழுதுபோக்கு எனக் கருதுவார் உண்டு. நம் ஆகமமோ அதனைத் தவம் என்கிறது. அகத்தவம் ஆறனுள் சுவாத்தியாயம் ஒன்று. இல்லறத்தார் நாள்தோறும் செய்யவேண்டிய ஆறு கடமைகளுள்ளும் அது இடம்பெறுகிறது. தத்துவார்த்த சூத்திரம் அதனை ஐந்து வகையாக விரிக்கிறது. அவ்வைந்தும் இன்பத்தின் ஐந்து படிகள் என்பது இக்கட்டுரையாளன் கருத்து.

1. வாசனா என்பது படித்தல். புதியதொன்றை அறியும் இன்பம் இதில் கிடைக்கிறது.

2. பிருச்சனா என்பது வினாவுதல். விளங்காத இடத்தைப் பிறரிடம் கேட்டுத் தெளியும்போது, தனிமையில் தொடங்கிய படிப்பு நட்பாக மலர்கிறது. சாமிநாதையர் சந்திரநாத செட்டியாரிடம் பெற்ற இன்பம் இதுவே.

3. அனுப்பிரேட்சை என்பது படித்ததைச் சிந்தித்தல். நூலை மூடிய பின்னும் நூல் நம்முள் திறந்திருப்பது இந்நிலையில்தான்.

4. ஆம்னாயம் என்பது எழுத்துப் பிழையின்றி ஓதுதல். புட்பதந்தரும் பூதபலியும் ஓரெழுத்தைத் திருத்திப் பெற்ற வெற்றி இதற்குச் சான்று.

5. தருமோபதேசம் என்பது அறிந்ததைப் பிறர்க்கு உரைத்தல். இந்நிலையில் படிப்பவர் ஆசிரியராகிறார். எழுதியவர் நோக்கம் இங்கே முற்றுப்பெறுகிறது.

நான்காம் நிலைக்கு எம் இல்லத்திலேயே ஒரு விளக்கம் கண்டதுண்டு. எம் பாட்டியாருக்கு எழுத்தறிவு இல்லை. அந்தியுணவு முடித்து விளக்கேற்றிய பின்னர், சிறுவராகிய எங்களுள் ஒருவரை அழைத்து ஸ்ரீபுராணம் படிக்கச் சொல்லிக் கேட்பார். அதிலுள்ள நீண்ட வடசொற்களில் நாக்குத் தடுமாறினால், உடனே சரியான சொல்லை எடுத்துக் கொடுப்பார். ஒரு வரியை விட்டுத் தாண்டினால், "நடுவே ஒன்று நின்றுபோயிற்றே" என்பார். எழுத்தைக் காணாமலே நூலைக் கண்டவர் அவர். படிப்பின் இன்பம் கண்ணில் தொடங்கினாலும் செவியிலும் நெஞ்சிலும் நிறைவது என்பதை அவரிடமே கற்றோம்.

அடியேன் எழுதும் காரணம்

இவ்வளவும் கூறியபின், எளியேன் எதற்காக எழுதுகிறேன் என்று அன்பர்கள் வினவுதல் முறையே. காரணம் மூன்று. எழுத முற்படும்போதுதான் எனக்கு எது தெளிவாக விளங்கியிருக்கிறது, எது விளங்கவில்லை என்பது புலப்படுகிறது. ஆகவே, முதற்பயன் எனக்கே. இரண்டாவது, கேட்டுக் கேட்டு என் செவியில் ஏற்றிய பெரியோர்க்குத் திருப்பிச் செலுத்த என்னிடம் வேறு பொருள் இல்லை. மூன்றாவது, ஊர்விட்டு ஊர் சென்று வாழும் நம் இல்லங்களில் ஏதேனும் ஒன்றில், ஒரு பிள்ளையாவது இப்பக்கத்தைப் படித்துவிட்டுப் பெற்றோரிடம் ஒரு வினா எழுப்புமாயின், எழுதியது வீண்போகவில்லை என அமைவேன்.

நாம் செய்யத்தக்கன

தமிழகத்து ஊர்களில் நயினார் இல்லங்கள் பலவற்றின் பரணிலும் பெட்டியிலும் ஓலைச்சுவடிகளும் பழைய அச்சு நூல்களும் உறங்குகின்றன. பெரியவர் மறைந்து, பிள்ளைகள் நகரங்களில் குடியேறி, வீடு கைமாறும்போது அவை என்னாகும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், உ.வே.சா. நூலகம், தஞ்சைச் சரசுவதி மகால் போன்ற இடங்களில் சுவடிகளைப் பேணும் முறை அறிந்தோர் உள்ளனர். இக்காலத்தில் கைப்பேசியாலும் ஓலைகளைப் படமெடுத்துப் பாதுகாக்க இயலும். இது முதற்பணி, ஆயினும் இதனோடு அமைந்துவிடலாகாது. படம் எடுத்துவைத்த ஓலையும் படிப்பார் இல்லையேல் குடுமியான்மலைக் கல்லேயாகும்.

ஆகவே, ஒவ்வோர் இல்லத்திலும் வாரத்தில் ஒருநாள், கால் மணி நேரமாவது வாய்விட்டுப் படித்தல் வேண்டும். ஸ்ரீபுராணமோ, மேருமந்தர புராணமோ, நாலடியாரோ, சிந்தாமணியோ ஒரு பக்கம் போதும். பிள்ளைகள் படிக்க, பெரியோர் கேட்டுத் திருத்துக. தமிழ் எழுத்தறியாது பிறமொழிப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் முதலில் கேட்கட்டும். கேட்ட சொல்லைப் பின்னர் எழுத்தில் காணும் ஆவல் தானே பிறக்கும். ஒரு நூலைப் படித்து முடித்த நாளைக் கும்பகோணத்து அன்பர்போல் விழாவாகக் கொண்டாடுக. வாயிலில் கோலமும் தோரணமும் பொலிய, அக்கம்பக்கத்தார் காரணம் கேட்கட்டும். "நூல் ஒன்றைப் படித்து முடித்தோம்" என்று விடை கூறும் பெருமை நம் குழந்தைகளுக்குக் கிட்டட்டும்.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்துள் சாத்திர தானமும் ஒன்று. 10ஆம் நூற்றாண்டில் அத்திமப்பை என்னும் கன்னடச் சமணப் பெருமாட்டி, பொன்ன கவியின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது வரலாறு. நம்மால் ஆயிரம் இயலாவிடினும், திருமணத்திலும் புதுமனை புகுவிழாவிலும் ஒரு நூலேனும் அளிக்க இயலும். அளித்த நூலைப் பெற்றவர் படித்தாரா என அன்போடு வினவுதல் அத்தானத்தை நிறைவாக்கும்.

எழுதியவர் நோக்கம் படிப்பவர் நன்மை. படிப்பவர் இன்பம் எழுதியவர் பெறும் பயன். இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் கதவு நம் இல்லத்து நூற்பெட்டியின் மூடியே. வரும் சுருத பஞ்சமியன்று அதனைத் திறப்போம், தூசு தட்டுவோம், வணங்குவோம், வணங்கியபின் அமர்ந்து படிப்போம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. குடுமியான்மலைக் கல்வெட்டின் முடிவுரை, சிறப்புப்பாயிரம் கூறும் எட்டனுள் எவற்றிற்கு விடை தருகிறது?

2. தரசேனாசாரியார் ஓரெழுத்து மிகுத்தும் குறைத்தும் மந்திரம் கொடுத்ததன் உட்பொருள் யாது?

3. சுவாத்தியாயத்தின் ஐந்து வகைகளுள் உங்கள் இல்லத்தில் நிகழ்வன எவை? நிகழாதன எவை?

4. உங்கள் இல்லத்தில் உள்ள மிகப் பழைய நூல் அல்லது சுவடி எது? அதனைக் கடைசியாகப் படித்தவர் யார்? வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வைக்க.

அறம் வளர்க!